டர்பனில் கடை போடுகிறவருக்கு: ஃபோங் காங் சரக்கில் மாட்டாமல் இருக்க

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒரு சொல் உங்கள் காதில் விழும்: ஃபோங் காங். டூப்ளிகேட் சரக்குக்கு இந்த நாட்டில் எல்லா மொழிக்காரர்களும் சொல்லும் பெயர் அது. நம்ம ஊரில் 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று கௌரவமாகச் சொல்வதை இங்கே சிரித்துக்கொண்டே ஃபோங் காங் என்பார்கள். சிரிக்கிறார்களே, அப்படியென்றால் பெரிய விஷயமாக இருக்காது என்று புதிதாக வருகிறவருக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதற்கு நான் கொடுத்த விலை 38 ஜோடி ஷூ.

நான் திருப்பூர்க்காரன். இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. வக்கீல் இல்லை, துணியும் பூஜைச் சாமானும் விற்கிறவன். ஊரிலிருந்து வந்து கடை போடுகிறவர்களும், மாமன் மச்சான் கடையில் கல்லாவில் உட்காரப் போகிறவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலிடம்தான் போக வேண்டும். வழக்கே வராமல் இருக்க என்ன செய்யலாம் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த ஷூ கதை. வந்து மூன்றாவது வருடம். ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு மொத்த வியாபாரி மலிவாகக் கொடுக்கிறார் என்று சித்தப்பா பையன் சொன்னான். இருவரும் பக்கி வண்டியில் (பின்னால் சரக்கு ஏற்றும் சின்ன பிக்அப் வண்டி) போய் 40 ஜோடி ஏற்றிக்கொண்டு, என்3 நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரம் ஓட்டி வந்தோம். இரண்டு ஜோடி விற்றது. மறுவாரம் கடைக்கு இரண்டு அதிகாரிகளும், அந்த ஷூ கம்பெனியின் வக்கீல் ஒருவரும் வந்தார்கள். "இது போலி என்று தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். "சரி, தெரிந்துகொள்ள என்ன செய்தாய்?" என்றார் அதிகாரி. எனக்குப் பதில் வரவில்லை. பில் கேட்டார். கிழித்த நோட்டுத் தாள் ஒன்றில் 'ஷூ 40' என்று மட்டும் எழுதியிருந்ததை எடுத்து நீட்டினேன். கடைப் பெயர் இல்லை, தேதி இல்லை. அவர் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அதையும் எடுத்துக்கொண்டார்.

வழக்கு வரை போகவில்லை. இனி விற்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்ததோடு முடிந்தது, சரக்கும் போயிற்று. ஆனால் 'தெரிந்துகொள்ள என்ன செய்தாய்' என்ற அந்தக் கேள்விதான் இந்த நாட்டுச் சட்டத்தின் மையம் என்பது பிறகுதான் புரிந்தது. 1997ஆம் ஆண்டின் 37ஆம் எண் சட்டம், அதாவது போலிப் பொருள்கள் சட்டம், 2ஆம் பிரிவில் சொல்வது இதுதான்: போலி என்று தெரிந்து விற்றாலும் குற்றம், சந்தேகப்படக் காரணம் இருந்தும் விற்றாலும் குற்றம், தவிர்ப்பதற்கான நியாயமான முயற்சிகளை எல்லாம் எடுக்காமல் விற்றாலும் குற்றம். மூன்றாவதுதான் நம்மைப் பிடிக்கும். விற்பது மட்டும் என்று நினைக்காதீர்கள். விற்பதற்காகக் கையில் வைத்திருப்பது, கடையில் காட்சிக்கு வைப்பது, இறக்குமதி செய்வது எல்லாமே அதில் வரும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டு விலை எழுதுவதும் சேர்த்திதான். அதிலும் 'ஃபர்ஸ்ட் காப்பி, குவாலிட்டி கேரண்டி' என்று எழுதினால், எனக்குத் தெரியும் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

தண்டனை, முதல் தடவை என்றால் ஒவ்வொரு பொருளுக்கும் 5,000 ராண்ட் (இந்த நாட்டுப் பணம்) வரை அபராதம், அல்லது மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் பொருளுக்கு 10,000 ராண்ட், ஐந்து வருடம். 'ஒவ்வொரு பொருளுக்கும்' என்பதைக் கவனியுங்கள். ஒரு ஜோடியை ஒரே பொருளாகக் கணக்கிட்டாலும் என் 38 ஜோடிக்கு 1,90,000 ராண்ட் வரை போயிருக்கலாம். நான் அதை வாங்கிய விலை அதில் சில்லறை.

சரி, இனி செய்ய வேண்டியவை.

ஒன்று: சரக்கை நாலு குவியலாகப் பிரியுங்கள்

கடையில் பிராண்டு பெயர் போட்ட பொருள் எதுவாக இருந்தாலும் அது நாலு வகையில் ஒன்றாக இருக்கும். பிராண்டுக்காரரோ அவருடைய ஏஜென்டோ விற்றது முதல் வகை. அதில் பிரச்சினை இல்லை. அசல்தான், ஆனால் இந்த நாட்டு ஏஜென்டைத் தாண்டி நீங்களே வெளிநாட்டில் வாங்கி வந்தது இரண்டாவது; இதை இங்கே 'கிரே' சரக்கு என்பார்கள். அசல் தொழிற்சாலையிலேயே தைத்தது, ஆனால் பிராண்டுக்காரர் கைக்குப் போகாமல் வெளியே வந்தது மூன்றாவது. முழுப் போலி நாலாவது.

திருப்பூர் ஆட்கள் விழுவது மூன்றாவதில்தான், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். திருப்பூரில் பனியன் சரக்கு விற்கும் காதர்பேட்டைக்குப் போனவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டு பையர் 10,000 பீஸுக்கு ஆர்டர் கொடுத்திருப்பார். சேதாரம் போகும் என்று கம்பெனியில் கூடுதலாகத் தைப்பார்கள். சேதாரம் குறைவாக இருந்தால் மிச்சம் வெளியே வரும். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று கிலோ கணக்கில்கூட விற்பார்கள். நூல் அதே நூல், தையல் அதே தையல், கழுத்தில் அதே மெயின் லேபிள். "ஒரிஜினல்தாண்ணே, ஒரே லைனில் ஓடினது" என்று கடைக்காரர் சொல்வதில் பொய் இருக்காது. ஆனால் சட்டம் பார்ப்பது தையலை இல்லை, அனுமதியை. அந்தக் கூடுதல் பீஸில் தன் பெயரைப் போட்டு விற்க பிராண்டுக்காரர் அனுமதி கொடுத்தாரா என்பதுதான் கேள்வி. கொடுக்கவில்லை என்று அவர் டர்பனில் வந்து சொல்லிவிட்டால், ஒரே லைனில் ஓடினது என்ற பேச்சு எடுபடாது.

சர்ப்ளஸ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, அந்தச் சரக்கை விற்க பையர் சம்மதித்த கடிதத்தின் நகல் கம்பெனியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல கம்பெனியில் இருக்கும். எந்த நாட்டில் விற்கலாம் என்றும் அதில் எழுதியிருக்கும், அதையும் படியுங்கள். இல்லையென்றால் பிராண்டு அடையாளம் எதுவுமே இல்லாத சரக்காக வாங்குங்கள். லேபிளைப் பாதி வெட்டி, மார்க்கரில் கறுப்புக் கோடு இழுத்துத் தருவார்களே, அது போதாது. நெஞ்சில் எம்பிராய்டரி லோகோ இருக்கும், ஜிப்பின் இழுப்பானில் பெயர் இருக்கும், பட்டனில் பொடி எழுத்தில் இருக்கும். ஒரு தடவை நானே 60 சட்டை வாங்கி, லேபிள் இல்லை என்று சந்தோஷப்பட்டு, கடையில் அடுக்கும்போதுதான் பார்த்தேன்: ஒவ்வொரு பட்டனிலும் பெயர். என் மனைவியும் நானும் மூன்று ராத்திரி உட்கார்ந்து பட்டன் மாற்றினோம்.

இரண்டு: வாங்குமுன் காகிதம்

விலை பேசுவதற்கு முன்னால் காகிதம் பேசுங்கள். நம் ஆட்களுக்கு இது கூச்சம். சொந்தக்காரரிடம், ஊர்க்காரரிடம் பில் கேட்டால் நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வாரோ என்ற தயக்கம். கேளுங்கள். நான் ஒரு மஞ்சள் ஃபைல் வைத்திருக்கிறேன். பிராண்டு சரக்கு ஒவ்வொன்றுக்கும் அதில் இருப்பது: விற்றவரின் முழுப் பெயரும் முகவரியும் வரி எண்ணும் போட்ட இன்வாய்ஸ், இன்வாய்ஸில் பிராண்டு, மாடல், எண்ணிக்கை தனித்தனியாக, பணம் வங்கி வழியாகப் போனதற்கான சீட்டு, விற்றவர் ஏஜென்ட் என்றால் அவருடைய ஏஜென்சிக் கடித நகல், பேசிய வாட்ஸ்அப் உரையாடலின் அச்சு. சந்தேகம் வந்த இரண்டு முறை பிராண்டு கம்பெனிக்கே மின்னஞ்சல் அனுப்பி, இவர் உங்கள் விநியோகஸ்தரா என்று கேட்டேன். ஒரு கம்பெனி பதில் போட்டது, இன்னொன்று போடவில்லை. பதில் வராத மின்னஞ்சலும் ஃபைலில்தான் இருக்கிறது. நான் கேட்டேன் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. அந்தச் சரக்கை வாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

ரொக்கம் மட்டும் வேண்டும், பில் கிடையாது, கோடவுனுக்கு ராத்திரி வா என்றெல்லாம் ஒருவர் சொன்னால் அதுவே 'சந்தேகப்படக் காரணம்'. நாளைக்கு எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். விலையும் அப்படித்தான். மாலில் 1,800 ராண்டுக்கு விற்கும் ஷூவை 220க்கு ஒருவர் தருகிறார் என்றால், ஏன் என்று கேட்க வேண்டிய பொறுப்பு வாங்குகிறவருக்கு வந்துவிடுகிறது.

மூன்று: கையில் எடுத்துப் பாருங்கள்

டர்பனில் நம்மவர்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு ஆன்ட்டி மாதத்துக்கு ஒருமுறை கடைக்கு வருவார். இங்கேயே பிறந்தவர், மூன்று தலைமுறைக்கு முன் வந்த குடும்பம். பேச்செல்லாம் ஆங்கிலம்தான், சாமி விஷயம் என்றால் மட்டும் தமிழ்ச் சொல் வரும். ஒருநாள் நான் புதிதாக வாங்கி அடுக்கியிருந்த ஊதுபத்திப் பெட்டியைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "இது நம்ம சாமி பத்தி இல்லே" என்று தமிழில் சொல்லித் திருப்பி வைத்துவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதே நிறம், அதே எழுத்து, அதே முருகன். பழைய ஸ்டாக்கில் மிச்சமிருந்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது: பழைய பெட்டியில் மயிலின் தலை வலப்பக்கம், புதியதில் இடப்பக்கம். பெயரின் நடுவில் ஓர் எழுத்தும் மாறியிருந்தது. உச்சரித்தால் வித்தியாசம் தெரியாது. ஆன்ட்டி பெயரைப் படிக்கவே இல்லை, நாற்பது வருடமாக மயிலைப் பார்த்து வாங்குகிறவர்.

அப்புறம் பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். வெளிப்பெட்டியில் ஒரு பேட்ச் எண், உள்ளே இருந்த பாக்கெட்டில் வேறு பேட்ச் எண். அசலில் இரண்டும் ஒன்றாக இருந்தது. நிகர எடை அச்சில் மை கொஞ்சம் பரவியிருந்தது. ஒட்டுமடிப்பில் பசை வெளியே பிதுங்கிக் காய்ந்திருந்தது. இப்போது புதுச் சரக்கு எது வந்தாலும் பழையது ஒன்றைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். தனியாகப் பார்த்தால் போலி அசலாகத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு பிராண்டிலும் நம்பகமான ஒரு பீஸை விற்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

துணியில் பார்க்க வேண்டியது லேபிள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்பது. கழுத்து லேபிளில் ஒரு நாடு, வாஷ் கேர் லேபிளில் இன்னொரு நாடு, ஹேங் டேக்கில் மூன்றாவது என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பார்கோடை வைத்து நாடு கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வதைக் கொஞ்சம் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள். 890இல் தொடங்குவது இந்தியாவில் கொடுக்கப்பட்ட எண், 600, 601 தென்னாப்பிரிக்காவில் கொடுக்கப்பட்டது. கம்பெனி எங்கே பதிவு வாங்கியது என்பதைத்தான் அது சொல்லும்; பொருள் எங்கே செய்யப்பட்டது என்று சொல்லாது. போலி செய்கிறவர் அசல் பார்கோடையே அப்படியே அச்சடிப்பார்.

நாலு: துறைமுகம்

டர்பன் துறைமுகத்தில் சுங்கத்துறை அதிகாரிகளுக்கும் இந்தச் சட்டப்படி சரக்கைத் தடுத்து வைக்க அதிகாரம் உண்டு. பிராண்டுக்காரர்கள் முன்கூட்டியே சுங்கத்தில் மனுப் போட்டு வைத்திருப்பார்கள், எங்கள் பெயரில் வரும் சரக்கைக் கவனியுங்கள் என்று. அதனால் கன்டெய்னரில் பத்துப் பெட்டி பிராண்டு சரக்கு இருந்தால், அதற்கான காகிதம் சரக்கு வருமுன் உங்கள் கிளியரிங் ஏஜென்ட் கையில் இருக்க வேண்டும். கன்டெய்னரைப் பலரோடு பங்கு போடுகிறீர்கள் என்றால் மற்றவர்கள் என்ன போடுகிறார்கள் என்று விசாரியுங்கள். ஒருவர் பெட்டியைச் சோதிக்க நிறுத்தினால் உங்கள் பெட்டியும் சேர்ந்து நிற்கும், வாடகை ஓடும். தைத்த உடுப்புக்கு இங்கே சுங்கவரி பெரும்பாலும் 45 சதவீதம், அதற்கு மேல் 15 சதவீத வாட் வரி. இதைத் தப்பிக்க இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தனிக் குற்றம் என்பது ஒருபுறம். இன்னொன்று, குறைந்த விலை போட்ட அந்த இன்வாய்ஸே பிறகு 'இந்த விலைக்கு அசல் கிடைக்குமா' என்று உங்களைத் திருப்பிக் கேட்கும்.

ஊரிலிருந்து வரும்போது சொந்த உபயோகத்துக்கு ஒன்றிரண்டு கொண்டுவருவதை இந்தச் சட்டம் தொடவில்லை. ஒரே அளவில் இருபது டீசர்ட் சூட்கேஸில் இருந்தால், சொந்தக்காரர்களுக்கு என்று சொல்வது கஷ்டம்.

ஐந்து: கிரே சரக்கை மறைக்காதீர்கள்

இரண்டாவது குவியலுக்கு வருகிறேன். ஊரில் வாங்கிய அசல் கைக்கடிகாரம், அசல் மிக்ஸி, இங்கே விற்கலாமா? விற்கலாம். ஆனால் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 25ஆம் பிரிவில், ஓர் அறிவிப்பை ஒட்டச் சொல்கிறது: இந்தப் பொருள் பிராண்டு உரிமையாளரின் அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்யப்பட்டது, இங்குள்ள அதிகாரபூர்வ இறக்குமதியாளர் இதற்கு வாரண்டி தரமாட்டார் என்று. வாடிக்கையாளர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பாட்டம் ஷெல்ஃபின் பின்பக்கம் ஒட்டினால் ஒட்டவில்லை என்றுதான் அர்த்தம். ஒட்டினால் விற்காது என்று பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் மிக்ஸி வாங்க வருகிற ஆன்ட்டிமார் அதைப் படித்துவிட்டு, "ரிப்பேர் வந்தால் நீ பார்ப்பாயா?" என்று மட்டும் கேட்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். விற்ற ஆறு மாதத்துக்குள் பழுது என்று வந்தால் விற்றவர் பொறுப்பு என்று அதே சட்டம் சொல்கிறது.

துணி, செருப்பு, தோல் பொருள் எல்லாவற்றிலும் எந்த நாட்டில் செய்தது என்ற லேபிள் கட்டாயம். பிராண்டு லேபிளை எடுத்துவிட்ட சர்ப்ளஸ் சட்டைக்கும் இது வேண்டும். என் கடைச் சட்டையில் சின்னதாக 'இந்தியாவில் தைத்தது' என்று ஆங்கிலத்தில் ஒரு லேபிள் வைத்துத் தைத்துவிடுகிறேன்.

ஆறு: சோதனைக்கு வந்தால்

பதறாதீர்கள், ஓடாதீர்கள், ஷட்டரை இழுக்காதீர்கள். 2019 ஆகஸ்ட் முதல் நாள் ஜோகன்னஸ்பர்க் நகர மையத்தில் போலிச் சரக்குச் சோதனைக்குப் போன போலீஸ்மேல் கல் வீசப்பட்டது. அதற்குப் பிறகு நாடு முழுக்க இந்த விஷயம் சூடாகிவிட்டது. கடைக்கு முன் கூட்டம் சேர விடாதீர்கள்.

வந்தவர் யார் என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். போலி அதிகாரிகளும் உலவுகிறார்கள். போலிச் சரக்கைப் பிடிக்க வந்த போலி ஆள் என்று பிறகு சிரிக்கலாம், அந்த நேரத்தில் கல்லாப்பெட்டி போய்விடும். அடையாள அட்டையைக் கேளுங்கள். வாரண்ட் இருந்தால் வாங்கிப் படித்து, முகவரி உங்கள் கடையுடையதுதானா என்று பாருங்கள். பணம் கொடுத்தால் இப்போதே போய்விடுகிறோம் என்று ஒருவர் சொன்னால் அவர் அசலோ போலியோ, கொடுக்காதீர்கள்.

எடுக்கும் பொருளை எண்ணிப் பட்டியல் போட்டு முத்திரை வைப்பார்கள். நீங்களும் கூடவே எண்ணுங்கள். பட்டியலின் நகல் உங்களுக்கு வர வேண்டும். என் விஷயத்தில் அவர்கள் முதலில் 39 என்று எழுதினார்கள். நான் மறுபடி எண்ணச் சொன்னேன், 38 என்று திருத்தினார்கள். ஒன்றுதானே என்று விட்டிருந்தால் இல்லாத ஒரு ஜோடிக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். புரியாத காகிதத்தில் கையெழுத்து வேண்டாம். வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அதற்குப் பிறகு நாள் கணக்கு ஓடும். புகார் கொடுத்த பிராண்டுக்காரர், பறிமுதல் அறிவிப்பு வந்த மூன்று நாளுக்குள் குற்றப்புகார் பதிய வேண்டும். வழக்குத் தொடர நினைக்கிறோம் என்று அரசுத் தரப்பு பத்து வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இந்தக் கெடுக்கள் தவறினால் சரக்கைத் திரும்பக் கேட்க வழி உண்டு. அதனால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

யாரிடம் வாங்கினாய் என்ற கேள்விக்கு என்ன சொல்வது? இதில் நம் ஆட்கள் தடுமாறுவார்கள். ஊர்க்காரரைக் காட்டிக்கொடுப்பதா என்று. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது, நானும் சித்தப்பா பையன் பெயரை இழுக்கவில்லை. ஆனால் சரக்கு எங்கிருந்து வந்தது, யார் மூலம் வந்தது என்பதை முழுதாக, உண்மையாகச் சொன்னவருக்குத் தண்டனையைக் குறைப்பது பற்றி நீதிமன்றம் யோசிக்கலாம் என்று போலிப் பொருள்கள் சட்டத்தின் 19ஆம் பிரிவிலேயே இருக்கிறது. உங்களுக்கு போலியை அசல் என்று விற்றவர் உங்களை யோசிக்கவில்லை. வக்கீலை வைத்துக்கொண்டு சொல்லுங்கள், அவ்வளவுதான்.

ஏழு: உங்கள் பெயரை நீங்களே பதிந்துகொள்ளுங்கள்

இதுவரை அடுத்தவர் பெயர். இனி உங்கள் பெயர். இரண்டு மூன்று வருடம் ஓடினால் உங்கள் மசாலாவுக்கோ சட்டைக்கோ ஒரு பெயர் வைப்பீர்கள். ஊரில் பதிந்திருக்கிறோமே என்று நினைப்பீர்கள். டிரேட்மார்க் என்பது நாட்டுக்கு நாடு தனி. சென்னையில் பதிந்தது டர்பனில் செல்லாது. பல நாடுகளுக்கு ஒரே மனுவில் கேட்கும் மாட்ரிட் ஏற்பாட்டில் இந்தியா 2013இல் சேர்ந்தது. இதை எழுதும்போது தென்னாப்பிரிக்கா அதில் இல்லை. ஆகவே இங்கே தனியாகத்தான் மனுப் போட வேண்டும். ஊரில் புதிதாக மனுப் போட்டு ஆறு மாதம் ஆகவில்லை என்றால், அந்தத் தேதியையே இங்கேயும் முன்னுரிமைத் தேதியாகக் கேட்கலாம்.

பதியாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டுக்காரர்களே பட்ட பாடு ஒன்று இருக்கிறது. மேற்குக் கேப்பில் செடர்பெர்க் மலைப்பக்கம் விளையும் செடியிலிருந்து வரும் ரூய்போஸ் டீ இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும். அந்தச் சொல்லையே 1994இல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி டிரேட்மார்க்காகப் பதிந்துகொண்டது. தங்கள் டீயைத் தங்கள் பெயரில் அங்கே விற்க முடியாமல் இங்குள்ளவர்கள் வருடக்கணக்கில் வழக்காடி, 2005இல்தான் அது விடுபட்டது. அப்புறம் 2021இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு வாங்கிவிட்டார்கள்.

எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. மெக்டொனால்ட்ஸ் இங்கே 1968லிருந்தே பெயரைப் பதிந்து வைத்திருந்தது, ஆனால் கடை திறக்கவில்லை. பயன்படுத்தாத பெயரை நீக்க வேண்டும் என்று உள்ளூர்க்காரர்கள் கிளம்பினார்கள். அந்த வழக்கில் டர்பன் கடை ஒன்றும் இருந்தது. கீழ் நீதிமன்றத்தில் தோற்ற மெக்டொனால்ட்ஸ், 1996இல் மேல்முறையீட்டில் ஜெயித்தது. உலகத்துக்கே தெரிந்த பெயர் என்பதால் பிழைத்தது. நம் மசாலா பாக்கெட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது. ஐந்து வருடம் தொடர்ந்து பயன்படுத்தாமல் வைத்திருந்தால் நீக்கச் சொல்லி அதில் அக்கறை உள்ள எவரும் கேட்கலாம்.

பெயர் தேர்ந்தெடுக்கும்போது சாமி பெயரைத் தவிர்க்கச் சொல்வேன். பக்தி இல்லாமல் இல்லை. பிள்ளையாருக்கு யாரும் தனி உரிமை கொண்டாட முடியாது, அதனால் பக்கத்துக் கடைக்காரரும் பிள்ளையார் போடுவார், உங்களால் ஒன்றும் கேட்க முடியாது. ஊரில் உச்ச நீதிமன்றமே 2015இல், 'ராமாயண்' என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனி டிரேட்மார்க்காக ஒருவர் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லியிருக்கிறது. இங்கே காவடி நாளில் கோயில் வாசல் கடைகளைப் பாருங்கள்: பத்து கம்பெனி, பத்து வேல், பத்து மயில். வித்தியாசமான ஒரு சொல்லைப் பிடியுங்கள். உங்கள் ஊர்ப் பேச்சுச் சொல்லே போதும், அது வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

மனுவை பிரிட்டோரியாவில் இருக்கும் சிஐபிசி (கம்பெனிகளையும் டிரேட்மார்க்கையும் பதியும் அரசு அமைப்பு) அலுவலகத்துக்கு இணையம் வழியாகவே போடலாம். கட்டணம் ஒரு மனுவுக்கு 590 ராண்ட். ஒரு மனுவில் ஒரு வகுப்பு மட்டும். பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். உடுப்பு 25, மசாலாவும் டீயும் 30, ஊதுபத்தியும் சோப்பும் 3, விளக்கு 11. ஒரே பெயரில் சட்டையும் ஊதுபத்தியும் விற்றால் இரண்டு மனு, இரண்டு கட்டணம். முதலில் அவர்கள் பட்டியலில் அதே மாதிரி பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். எழுத்தை மட்டும் பார்க்காமல் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், நான் ஊதுபத்தியில் ஏமாந்ததை நினைத்துக்கொண்டு. அவர்கள் ஏற்றுக்கொண்டால் 'பேட்டன்ட் ஜர்னல்' என்ற அதிகாரபூர்வ இதழில் அது வெளியாகும். மூன்று மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் பதிவாகும். மொத்தத்தில் ஒரு வருடம் தாண்டிவிடும், பொறுமை வேண்டும். பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவாகும்வரை பெயர் பக்கத்தில் டிஎம் என்று போடலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்து மட்டும் போடாதீர்கள். இங்கே பதியாத பெயரைப் பதிந்ததாகக் காட்டுவது குற்றம்.

ஊரிலிருந்து பொருள் அனுப்புகிற தம்பிகளுக்கு ஒரு சொல். உங்கள் டர்பன் ஏஜென்ட், "நானே இங்கே பதிந்துவிடுகிறேன் அண்ணே, உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்பார். யார் பெயரில் பதிகிறார் என்று கேளுங்கள். அவர் பெயரில் என்றால், நாளை விலைத் தகராறு வரும்போது உங்கள் சரக்கே உங்கள் பெயரிலேயே இந்தத் துறைமுகத்தில் போலி என்று நிற்கும். மனுவில் உரிமையாளர் நீங்கள், அவர் வெறும் விநியோகஸ்தர். ஒப்பந்தத்திலும் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

எட்டு: உங்கள் பெயரையே ஒருவர் போட்டால்

போய்ச் சண்டை போடாதீர்கள். முதலில் ஒரு பீஸ் வாங்குங்கள், பில்லோடு. கடையை, அலமாரியை, பாக்கெட்டைப் படம் எடுங்கள். உங்கள் அசலையும் அதையும் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தை எழுதுங்கள். மயில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுவரை. பதிவுச் சான்றிதழோடு வக்கீலிடம் போனால் அவர் முதலில் ஒரு கடிதம் போடுவார். சின்னக் கடைக்காரர்கள் பெரும்பாலும் அதிலேயே நிறுத்திவிடுவார்கள். எங்கே வாங்கினார் என்றும் சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் அவர்களும் ஏமாந்தவர்கள்தான். போலிப் பொருள்கள் சட்டத்தின்படி புகாரும் கொடுக்கலாம், ஆனால் சரக்கைப் பிடித்த பிறகு அந்த மூன்று நாள் கெடு இப்போது உங்கள் தலையில்.

போன வருடம் என் சட்டை லேபிளைப் போலவே ஒன்றை வைத்து ஒருவர் விற்றார். கடிதத்தோடு நானே போனேன். ஊரிலிருந்து வந்து நாலு மாதம் ஆன பையன், கல்லாவில் உட்கார்ந்திருந்தான். பில் இருக்கிறதா தம்பி என்றேன். மேசை டிராயரைத் திறந்து ஒரு நோட்டுத் தாளை எடுத்தான். 'சட்டை 25' என்று எழுதியிருந்தது.